ஸ்டாக்டன் மணல்மேட்டில் சறுக்குப் பலகையா, குவாட் பைக்கா, சொந்த வண்டியா?

சிட்னியில் இருக்கிற நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் கூட்டிப்போக ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும்: ஓபரா ஹவுஸ், ப்ளூ மவுன்டன்ஸ், ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயில். இப்போது அதில் போர்ட் ஸ்டீஃபன்ஸும் சேர்ந்துவிட்டது. எம்1 நெடுஞ்சாலை பிடித்து வடக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் அந்த வட்டாரத்து அன்னா பே. அங்கிருந்து நியூகாசில் பக்கத்து ஸ்டாக்டன் வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குக் கடற்கரை ஒரே வீச்சாகக் கிடக்கிறது. அதன் பின்னால் முப்பது மீட்டருக்கு மேல் எழும்பும் மணல்மேடுகள். போவதென்று முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: டூர்காரரோடு போய்ப் பலகையில் சறுக்குவதா, நாலு சக்கர மோட்டார் பைக்கான குவாட் பைக் எடுப்பதா, நம் வண்டியையே மணலில் இறக்கிவிடுவதா?

எதில் 'த்ரில்' அதிகம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. கூட யார் வருகிறார்கள், வீட்டு வாசலில் எந்த வண்டி நிற்கிறது, இந்த இரண்டையும் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இது சும்மா கிடக்கும் பொறம்போக்கு மணல் இல்லை. வோரிமி பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். 2007இல் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. அவர்கள் அதை மாநில அரசுக்குக் குத்தகைக்கு விட்டு, தேசியப் பூங்காத் துறையோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். அதனால்தான் வண்டிக்குப் பெர்மிட், போகலாம் போகக்கூடாது என்று எல்லைகள், கண்டபடி மேடு ஏறத் தடை எல்லாம். மேடுகளுக்கு நடுவே ஆங்காங்கே வெள்ளையாகச் சிப்பி ஓடுகள் குவிந்திருப்பதைப் பார்க்கலாம். குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்து சிப்பி சுட்டுச் சாப்பிட்டவர்களின் தடயம் அது. மிதிப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, இந்த மேடுகள் நிற்கிற மேடுகள் இல்லை. கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்று மணலை மேலே ஏற்றி உச்சியிலிருந்து மறுபக்கம் உதிர்க்கிறது. உதிர்கிற பக்கம் முப்பது டிகிரிக்கு மேலான சரிவாகவே எப்போதும் நிற்கும். காய்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். சறுக்குகிறவர்களுக்கு இந்தச் சரிவுதான் சொர்க்கம், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதுவே பொறி. மூன்று வழிகளையும் அலசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சரி, பலகை. குவாட்டைவிடச் செலவு குறைவு, முன்னனுபவமும் தேவையில்லை. அன்னா பே ஓரத்துப் பிரூபி முனையிலிருந்து டூர்காரர்களின் உயரமான ஃபோர் வீல் டிரைவ் பஸ் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிவின் அடிவாரத்தில் இறக்கிவிடும். பலகையின் அடிப்பக்கம் மெழுகுக் கட்டியைத் தேய்த்துக் கொடுப்பார்கள். இங்கே பெரும்பாலோர் நின்றுகொண்டு சறுக்குவதில்லை, உட்கார்ந்துதான். உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் பின்பக்கம் மணலில் லேசாக உரசவிட வேண்டும். வலக்கையை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும், இரண்டையும் அழுத்தினால் வேகம் குறையும். பயத்தில் முன்னால் குனிந்தால் பலகையின் மூக்கு மணலில் குத்தி, ஆள் குட்டிக்கரணம் அடித்து வாய் நிறைய மணலோடு எழுந்திருப்பார். பெரும்பாலும் அடி படாது, மானம்தான் போகும். இரண்டு மூன்று தடவை இறங்கியதும் சறுக்கல் மந்தமாகும். அது பலகையின் குறை இல்லை, மெழுகு தேய்ந்துபோயிருக்கும். கூச்சப்படாமல் திரும்பக் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், ஏறுவது. இறங்க ஐந்தாறு விநாடி. அதே மேட்டைக் கால் புதையப் புதைய ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளைகள் அலுக்காமல் ஏறி இறங்குவார்கள். அப்பாக்கள் இரண்டாவது ஏற்றத்திலேயே கேமராமேன் ஆகிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ள அம்மா, மாமியார் கூட வந்தாலும் கவலையில்லை, அவர்கள் கீழேயே இருந்து வேடிக்கை பார்க்கலாம். ஒரே பயணத்தில் வீடு மொத்தமும் ஈடுபடுவது இந்த வழியில் மட்டும்தான்.

ஜனவரி உச்சி வெயிலில் போவதாக இருந்தால் சாக்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள், மணல் வெறுங்காலைச் சுட்டுவிடும். காலையில் டூர் பஸ்ஸின் முதல் நடைக்குப் போய்விட்டால் வெயிலும் குறைவு, காற்றும் குறைவு. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் மணல் துகள் முகத்தில் ஊசி மாதிரி குத்தும். கண்ணாடி இல்லாமல் முடியாது. தயிர்சாதத்தை மேட்டில் திறக்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

குவாட் பைக் வேறு கணக்கு. விலை பலகையைவிடப் பல மடங்கு. ஆளுக்கு ஆள் கட்டணம் என்பதால் நாலு பேர் குடும்பத்துக்குக் கை கடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பும் உண்டு, புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். ஆனால் பெரியவர்கள் மட்டும் போகிறோம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் வேகம் இல்லை. வழிகாட்டி முன்னால் போக, வரிசையாகத்தான் பின்னால் ஓட்ட வேண்டும். முந்துவது, சாகசம் காட்டுவது எல்லாம் நடக்காது. இங்கே வோரிமி மக்களே நடத்தும் குவாட் பயணம் இருக்கிறது. புதர்க்காட்டு வழியாக நுழைந்து மணலுக்கு ஏறுவார்கள். நடுவே வண்டிகளை நிறுத்தி இடத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளமான ஓரிடத்தில் வழிகாட்டி மண்டிபோட்டுக் கையால் மணலைத் தோண்டுவார். முழங்கை ஆழம் போவதற்குள் மணல் கறுத்து ஈரமாகி, அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். வாயில் வைத்தால் உப்பே கரிக்காது. கடல் அலைச் சத்தம் அங்கிருந்தே கேட்கும். பெய்கிற மழை மணலில் இறங்கி, கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் மீனவர்கள் கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்று தோண்டிக் குடிநீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இதே வட்டாரத்து டொமாகோ மணற்படுகையிலிருந்துதான் நியூகாசிலுக்கான குடிநீரில் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. பலகை டூரில் போனால் இதெல்லாம் அநேகமாகக் கண்ணில் படாது.

ஒரு எச்சரிக்கை. குவாட் பைக் பார்க்க நாலு சக்கர சைக்கிள் மாதிரி அப்பாவியாகத் தெரியும், ஆனால் கவிழும் வண்டி அது. பண்ணை வேலைக்கு விற்கும் புது குவாட்களில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிச் சட்டகம் கட்டாயம் என்று ஆஸ்திரேலியா 2021இல் விதி கொண்டுவந்ததே அதில் நடந்த சாவுகளால்தான். சரிவில் குறுக்காக ஓட்டாதே என்று வழிகாட்டி சொன்னால், அவர் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காமல் கேட்க வேண்டும்.

இனி சொந்த வண்டி. நம் குழுக்களில் அதிகம் பேசப்படுவதும், பேசுகிற அளவுக்குப் பலருக்கும் பொருந்தாததும் இதுதான். 'எங்களிடம் ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே' என்பார்கள். ஆர்ஏவி4, சிஎக்ஸ்-5 எல்லாம் மழைச் சாலைக்கும் பனி மலைக்கும் நல்ல வண்டிகள். மிருதுவான மணலுக்கு அவற்றின் வயிறு தாழ்வு, மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு நகர்த்தும் லோ ரேஞ்ச் கியரும் கிடையாது. பிராடோ, ஹைலக்ஸ், பஜேரோ மாதிரி வண்டி இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். வாடகைக் கார் என்றால் பேச்சே இல்லை. சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் மணலில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. ஏதாவது ஆனால் காப்பீடு நிற்காது.

பெர்மிட்டை ஆன்லைனில் வாங்கிவிடலாம், பெரிய தொகை இல்லை. லாவிஸ் லேன் வழியாக நுழைவது வழக்கம். ஓட்ட இரண்டு இடம்தான்: கடற்கரை ஓரம், அப்புறம் அதற்கென்றே ஒதுக்கிய மேட்டுப் பகுதி. மற்ற மேடுகளில் ஏறினால் அபராதம். வண்டி பதிவானதாக இருக்க வேண்டும். கடற்கரையிலும் சாலை விதிதான், சீட் பெல்ட் உட்பட. மேட்டுப் பகுதிக்குப் போகிறவர்கள் நீளக் கம்பியில் கொடி கட்டியிருக்க வேண்டும். உச்சிக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டிக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

நுழைவதற்கு முன் டயரில் காத்து இறக்க வேண்டும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருப்பதை 18, தேவைப்பட்டால் 15 வரை கொண்டுவரலாம். டயர் தட்டையாகப் பரவி, வண்டியின் பாரம் அதிக இடத்தில் விழும், மணல் தாங்கும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் நுழைவாயிலிலிருந்து நூறு மீட்டரில் புதைந்து நிற்பவர்களில் முக்கால்வாசி. புதைந்த வண்டியை ஆக்ஸிலரேட்டர் மிதித்து வெளியே எடுக்க முடியாது. சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகி, கடைசியில் வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். உடனே நிறுத்துங்கள். மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றியும் அடியிலும் வழித்தெடுத்து, காத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மீட்புப் பலகை இரண்டு இருந்தால் பாதி வேலை மிச்சம். நிறுத்தும்போதும் சட்டென்று பிரேக் போடாமல் தானாக உருண்டு நிற்க விடுவது நல்லது, டயருக்கு முன்னால் மணல் குவியாது.

சாலை உதவிச் சேவைகள் பொதுவாகக் கடற்கரைக்கு வராது. அதனால் இன்னொரு வண்டி துணையில்லாமல் போகாதீர்கள் என்பேன். கடல் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் ஈரமான கெட்டி மணல் அகலமாகக் கிடைக்கும். கடல் ஏறும் நேரத்தில் மேல் மணலில் புதைந்தால் தண்ணீர் காத்திருக்காது. மேட்டில் ஏறுவதும் இறங்குவதும் நேராக மட்டும். குறுக்கே போனால் கவிழும். முன்னே சொன்ன அந்தச் செங்குத்துப் பக்கம் உச்சிக்கு வரும் வரை கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று இறங்கி நடந்து பார்க்காமல் வேகமாகத் தாண்டியவர்கள் முதுகெலும்பை உடைத்துக்கொண்ட கதைகள் எந்த மணல்மேட்டு ஊரிலும் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பலன் இல்லையா என்றால், உண்டு. காலை நேரத்தில் ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் மேடு என்று ஓட்டுகிற சுகத்தை வேறெந்த டூரும் தராது. மேடுகளுக்கு நடுவே டின் சிட்டி என்ற தகரக் குடிசைக் கூட்டத்தையும் பார்க்கலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வீடிழந்தவர்கள் போட்டவை, பதினொன்று மிச்சம். புதிதாகக் கட்ட அனுமதியில்லை. ஆனால் அதைக் காட்ட டூர் வண்டிகளும் போகின்றன. திரும்பி வந்து கம்ப்ரஸரில் காத்து ஏற்றி, வண்டியின் அடிப்பக்கத்து உப்பைக் கழுவி முடிக்க இன்னொரு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கழுவாமல் விட்டால் துரு வரும்.

பெர்த்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. வடக்கே ஒன்றரை மணி நேரத்தில் லான்சலின். ஊரிலேயே பலகை வாடகைக்கு எடுத்து ஊர் ஓரத்து வெள்ளை மணலில் சறுக்கலாம். வண்டிகள் ஓடும் பகுதியும் ஒட்டியே இருப்பதால் பிள்ளைகள் மேல் ஒரு கண் வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டாக்டனுக்கு வருவோம். பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பம் என்றால் பலகை, யோசிக்கவே வேண்டாம். நண்பர்கள் மட்டும், பையில் காசும் இருக்கிறது என்றால் குவாட். மீட்புச் சாமானும், மணலில் ஓட்டிப் பழகிய ஒருவரின் துணை வண்டியும் இருந்தால் மட்டும் சொந்த வண்டி. இரண்டு நாள் தங்குகிறவர்கள் முதல் நாள் பலகை, மறுநாள் குவாட் என்று பிரித்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் போனால் மணல் சுடாது, பிரூபி முனையில் நின்றால் வடக்கே போகும் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். பள்ளி விடுமுறை வாரங்களில் காலை நடைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் டிக்கெட்டை முன்பே போட்டுவிடுங்கள்.