லெஃப்காராவில் லேஸ் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: 240 யூரோ ஏமாந்தேன்

வயிறு எரிகிறது. 240 யூரோ!

சைப்ரஸில் ட்ரூடோஸ் மலையடிவாரத்தில் லெஃப்காரா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்கள் கையால் போடும் லேஸ் வேலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அம்மாவுக்கு ஒரு மேஜை விரிப்பு வாங்கலாம் என்று சனிக்கிழமை போனேன்.

சந்தில் ஒரு கடை. வாசலில் ஒரு பாட்டி மடியில் தலையணை வைத்து, அதன்மேல் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. கடைக்காரர் அவரைக் காட்டி, "எல்லாம் இந்தக் கை போட்டதுதான், இது ஒன்றுக்கே மூன்று மாதம்" என்றார். காபி கொடுத்தார். 1481இல் லியோனார்டோ டா வின்சி இங்கே வந்து மிலான் தேவாலயத்துக்கு லேஸ் வாங்கினார் என்றார். அது ஊரில் சொல்லும் கதைதான், தெரியும். ஆனால் அந்த விரலைப் பார்த்த பிறகு சந்தேகப்பட மனசு வரவில்லை. 300 என்றவர் 240க்கு இறங்கினார். கொடுத்துவிட்டேன்.

லார்னகாவில் அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால், பின்பக்கமெல்லாம் பிசிறு. அசல் லெஃப்காரா வேலைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஓரத் தையலில் லேபிளைக் கத்தரித்த துணுக்கு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

போன் செய்தேன். முதலாளி வெளியே போயிருக்கிறாராம். மறுநாள், "ஓரம் மட்டும்தான் மெஷின்" என்றார்கள். இன்று நேரிலேயே போனேன். "விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதில்லை. பில்லில் கைவேலை என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்கிறார். 'நினைவுப் பொருள், 240' என்றுதான் இருக்கிறது. வெளியே வந்து பாட்டியிடம் விரிப்பை நீட்டினேன். ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார், திருப்பினார், மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த அம்மாவின் உழைப்பை வாசலில் உட்காரவைத்து உள்ளே இதை விற்கிறார்கள்!

விவரமாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சரி, இவ்வளவுதான்: காசு கொடுக்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலை, லினன் துணி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஐரோப்பிய விதி இணையம், போன் போலக் கடைக்கு வெளியே வாங்கியதற்குத்தான், கடையில் நேரில் வாங்கியதற்குச் செல்லாது. அப்புறம், வாசலில் தைக்கிறவரிடமே கேளுங்கள், உள்ளே இருப்பது நீங்கள் போட்டதா என்று. நான் அதைக் கேட்கவில்லை.