42,800 ரூபாய் கொடுத்து ஜோடி சேராத வில் வாங்கிய கதை

வில் விற்ற ஆளிடமிருந்து நேற்று மாலை வந்த பதிலைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்தில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 42,800 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் என்று வைத்தால் நாற்பது மூட்டைக்கு மேல். இந்தக் கணக்கை என் மனைவிதான் போட்டுச் சொன்னாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

கழற்றி மாட்டும் வில்லை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் கட்டிக் கொண்டுபோவது, போன இடத்தில் எப்படிப் பூட்டுவது என்பதையெல்லாம் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐயம்பேட்டைப் பக்கத்துக்காரன். குடமுருட்டி ஆற்றங்கரையில் பெரியப்பா மகனுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அறுவடை முடிந்ததும் இயந்திரம் உருட்டிக் கட்டிப் போடும் வைக்கோல் கட்டுகளில் நாலைந்தை வாங்கி அடுக்கி, மேலே இலக்குத் தாளைக் குத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பு விடுவேன். ஆறு வருடப் பழக்கம். மாதம் ஒருமுறை திருச்சியில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பயிற்சி. பழைய வில் ஒரே மரத்துண்டு, ஐந்தடிக்கு மேல் நீளம். அதைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக் கிழவர் வரை எல்லோரும் விசாரிப்பார்கள். "தூண்டிலா தம்பி?" "பந்தல் கம்பா?" வில் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடும் வில்லுக்கு ஆசைப்பட்டேன். நடுவில் கைப்பிடி, அதாவது ரைசர். மேலும் கீழும் இரண்டு லிம்ப், அதாவது வளையும் கைகள். கழற்றினால் மூன்றடிப் பைக்குள் அடங்கிவிடும்.

பெருநகரம் ஒன்றில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடை அது. இணையத்திலும் விற்கிறார்கள். விளம்பரத்தில் "வேட்டைப் பயணத்துக்கு ஏற்ற வில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நம் நாட்டில் வேட்டை என்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வில்லோடு வேட்டைக்குப் போவது அனுமதி உள்ள வெளிநாடுகளில் நடக்கிற காரியம். அங்கேயும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தது 35, 40 பவுண்டு இழுவிசை இருக்க வேண்டும் என்று விதி. இவர்கள் விற்றதோ 30 பவுண்டு வில். இதையெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு, நமக்கு வைக்கோல் கட்டுதானே இலக்கு, 30 பவுண்டு போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அந்தக் கடையின் விற்பனை ஆளுக்குத் தொழில் தெரியும். வீடியோ அழைப்பில் வந்தான். என் கண்முன்னே ரைசரில் இரண்டு லிம்பையும் சொருகி, ஸ்ட்ரிங்கர் கயிற்றை மாட்டி, அதைக் காலால் மிதித்து வில்லை வளைத்து நாண் ஏற்றிக் காட்டினான். "அண்ணே, எக்காரணம் கொண்டும் தொடைக்கு நடுவில் கொடுத்து வளைத்து நாண் ஏற்றாதீர்கள், லிம்ப் முறுக்கிக்கொள்ளும்" என்றான். சரியான பேச்சு. "அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டுவிடாதீர்கள் அண்ணே, மொத்த அதிர்ச்சியும் வில்லுக்குள்ளேயே இறங்கும்" என்றான். அதுவும் சரி. "வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பசை விட்டுவிடும்." நூற்றுக்கு நூறு சரி. இத்தனை அக்கறையாகப் பேசுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். நாண் உயரத்தை, அதாவது கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரத்தை, எட்டே முக்கால் அங்குலத்தில் வைத்து, அம்பு கோக்கும் இடத்தில் நூல் சுற்றிக் குறியும் போட்டு, பஞ்சுக் குழி வெட்டிய கெட்டியான பெட்டியில் அனுப்புவதாகச் சொன்னான். "பிரித்து மாட்டி எய்ய வேண்டியதுதான் அண்ணே, வேறு வேலையே இல்லை."

பிறகு, கடைக் கணக்கில் ஏதோ கோளாறு, என்னுடைய எண்ணுக்கே போட்டுவிடுங்கள் என்றான். போட்டுவிட்டேன். 42,800 ரூபாய், மொத்தமாக, ஒரே தட்டில்.

பத்து நாள் கழித்து கும்பகோணம் பார்சல் அலுவலகத்தில் போய் எடுத்தேன். பெட்டியைக் காணோம். ஷட்டில் மட்டை வைக்கிற துணிப்பை ஒன்றில், செய்தித்தாள் சுற்றி மூன்று துண்டும் கிடந்தன. லிம்பை இறுக்கும் இரண்டு போல்ட்டுகளும் பைக்குள் உருண்டு ரைசரின் சாயத்தைக் கீறிவிட்டிருந்தன. போகட்டும், பை மலிவு, வில் நன்றாக இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆடிப்பெருக்கன்று முதல் அம்பு விடலாம் என்று எடுத்து வைத்தேன்.

ஆடி பதினெட்டு. வீட்டுப் பெண்கள் ஆற்றில் படைத்துவிட்டு வந்து, காப்பரிசியும் சித்திரான்னமும் ஆன பிறகு, நானும் மைத்துனனும் தோப்புக்குப் போனோம். நாண் ஏற்றி, வில்லை ஒரு கட்டின்மேல் சாய்த்துப் பின்னால் நின்று பார்த்தேன். நாண் இரண்டு லிம்புக்கும் ரைசருக்கும் நட்டநடுவில் கோடு போட்டதுபோல ஓட வேண்டும். மேல் பாதி சரியாக இருந்தது. கீழே வர வர இடப்பக்கம் ஒதுங்கியது. லிம்ப் ரைசரில் சேரும் இடத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரத்தை மேலும் கீழும் அளந்தேன். இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது இயல்பு. இதில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல்.

நாணைக் கழற்றி இரண்டு லிம்பையும் திண்ணைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மற்றதைவிட ஓர் அங்குலம் குட்டை! மைத்துனன்தான் ஸ்டிக்கரைக் கவனித்தான். குட்டை லிம்பில் "68 – 30" என்று, அதாவது 68 அங்குல வில், 30 பவுண்டு என்று, பளபளவென்று புது ஸ்டிக்கர், ஓரத்தில் லேசான தடிப்பு. நகத்தை விட்டு நெம்பினேன். அடியில் மங்கிப்போன பழைய எழுத்து: "66 – 24". யாரோ எய்து எய்து தேய்ந்த, வேறொரு வில்லின் லிம்ப். இப்போதைய வில்கள் பலவற்றில் பூட்டு முறை பொதுவானது. ஒரு கம்பெனி ரைசரில் இன்னொரு கம்பெனி லிம்ப் உட்காரும், நீளம் வேறாக இருந்தாலும் உட்காரும். வாங்குகிறவனுக்கு வசதி என்று செய்து வைத்தது, இந்த ஆளுக்கு வசதியாகப் போயிற்று.

தெருமுனைப் பழைய பேப்பர்க்காரரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி நாணில் மாட்டி 28 அங்குலம் இழுத்துப் பார்த்தோம். 30 பவுண்டு என்றால் பதின்மூன்றரைக் கிலோ காட்ட வேண்டும். பதினொன்றைத் தாண்டவில்லை.

அன்று மாலையே படமும் அளவும் எழுதி அனுப்பினேன். மறுநாள், "சார், நீங்கள் நாண் ஏற்றிய விதம் தவறு, அதனால் முறுக்கிக்கொண்டது" என்று பதில். பணம் போடும் வரை அண்ணே, போட்ட பிறகு சார். முறுக்கினால் ஓர் அங்குலம் குறையுமா என்று கேட்டேன். இரண்டு நாள் மௌனம். பிறகு, "உங்கள் ஊரில் ஈரப்பதம் அதிகம், மரம் சுருங்கியிருக்கும்." ஈரத்தில் சுருங்கும் மரத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதன் பிறகு பார்சல் பிரித்தபோது எடுத்த வீடியோ கேட்டான். நான் எடுக்கவில்லை. "அப்படியென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது சார்." கடை எண்ணுக்கு அழைத்தால் ஒரு பெண் எடுத்து, கடைக் கணக்கில் என் பெயரில் விற்பனையே பதிவாகவில்லை என்கிறார். 42,800 ரூபாய் அவனுடைய சொந்த எண்ணுக்கு அல்லவா போயிருக்கிறது!

நேற்று மாலைப் பதில் இது: "வழக்கு என்றால் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் போட முடியும், வந்து போடுங்கள்." அதுவும் பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை தஞ்சாவூர் போகிறேன்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் ஒட்டவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. சொந்த எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். பார்சலை வீடியோ ஓடவிட்டுப் பிரியுங்கள். நாண் ஏற்றும் முன்பு லிம்ப் இரண்டையும் தரையில் சேர்த்து வைத்து நீளம் பாருங்கள், ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். போல்ட்டுகளைத் தனிப் பையில் கட்டுங்கள். வீடியோவில் காட்டிய வில்லின் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, வந்ததோடு ஒத்துப் பாருங்கள். எனக்குக் காட்டியது வேறு வில் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்கும் வில்லை எய்து பார்க்கலாம் என்று மட்டும் யாரும் யோசனை சொல்லாதீர்கள். ஜோடி சேராத லிம்ப், அதுவும் தேய்ந்தது, முழு இழுப்பில் முறிந்தால் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. பணம் திரும்ப வருகிறதோ என்று பதறித் திறந்தேன். ஆடித் தள்ளுபடி விளம்பரம். அதே வில், அதே படம், 39,900 ரூபாய். மறுபடியும் "அண்ணே" என்றுதான் ஆரம்பித்திருக்கிறான்.