மூன்று சுற்றுக்கும் தளரும் இடைக்கச்சை: மிசோரா ஹிபாரியின் பிரிவுப் பாடல்கள்

ஜப்பானியப் பாடகி மிசோரா ஹிபாரி பாடிய காதல் பிரிவுப் பாடல்களை மட்டும் திரட்டிய ஜப்பானியத் தொகுப்பு ஒன்றை, இணையத்தில் பழைய குறுந்தகடுகள் விற்கும் ஒருவரிடமிருந்து அஞ்சல் செலவையும் சேர்த்து 2,100 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியின் மூடி விரிசல் விட்டுத்தான் மதுரைக்கு வந்து சேர்ந்தது என்றாலும், உள்ளே இருந்த இரண்டு தகடுகளிலும் கீறல் இல்லை. தல்லாகுளத்தில், வீட்டிலேயே பல ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கும் என் அத்தையின் மாடியறையில் மூன்று வாரங்களாக இவற்றைக் கேட்டு வருகிறோம்.

1937இல் யோகோஹாமாவில் பிறந்து, 12 வயதில் புகழின் உச்சிக்குப் போய், 1989 ஜூன் 24ஆம் தேதி 52 வயதில் மறைந்தவர் ஹிபாரி. இத்தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் ஏன்கா என்ற வகையைச் சேர்ந்த பாடல்கள். மேல்நாட்டு வாத்தியங்களைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, ஜப்பானியக் குரல் அசைவுகளோடு துயரத்தைப் பாடும் மரபு அது.

முதல் தகட்டின் முதல் பாடல், 1966இல் வெளிவந்த ‘கனாஷீ சாகே’, அதாவது ‘சோக மது’. கோகா மசாவோ இசையமைத்தது. மதுக்கடையில் தனியாக அமர்ந்து, பிரிந்தவனை மறக்கவென்று குடித்து, மறக்க முடியாமல் போகும் ஒருத்தியின் பாட்டு. கிட்டார் முன்னிசை முடிந்து குரல் இரண்டடி நகர்வதற்குள் அத்தை சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டார். முழங்காலில் விரலால் தட்டி சுரம் பிடித்துக்கொண்டே, “சிவரஞ்சனின்னுல்ல நெனச்சேன், தைவதம் மட்டும் எறங்கி நிக்குது பாருடா” என்றார். அவர் சொன்னது சரிதான். ஏன்காவில் அதிகம் பயன்படும் யோனானுகி என்ற ஐந்து சுர வரிசையின் சோக வடிவம், சிவரஞ்சனி ராகத்தின் சதுச்ருதி தைவதத்தை அரைச்சுரம் இறக்கிச் சுத்த தைவதமாக்கினால் கிடைப்பது. துயரம் என்றாலே சிவரஞ்சனியை நினைக்கும் நம் காதுக்கு இந்தப் பாடல்கள் அந்நியமாக ஒலிக்காததற்கு அந்த அரைச்சுர வேறுபாடே போதுமான விளக்கம். நீளும் சொற்களின் இறுதியில் ஹிபாரி தரும் சிறு சுழற்சிக்குக் கோபுஷி என்று பெயர். நம் கமகத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் அது சுரத்துக்குச் சுரம் இழையாமல் ஒரே இடத்தில் சட்டென்று மடங்கி நிமிர்கிறது.

ஹிபாரியின் குரல் எவ்வளவு பெரியது என்பது முதல் கேட்பில் தெரிவதில்லை. இந்தப் பாட்டை மேடையில் பாடும்போது அவர் கன்னத்தில் கண்ணீர் வழியும், குரலோ நடுங்காது. அந்தக் காட்சி ஜப்பானியர்களிடையே மிகவும் பெயர் பெற்றது. தகட்டில் கண்ணீரைப் பார்க்க வழியில்லை. ஆனால் அந்த அடக்கம் ஒவ்வோர் அடியிலும் கேட்கிறது. கதறக்கூடிய வலிமை உள்ள ஒருவர் கதறாமல் இருப்பதற்கும், குரலே இல்லாத ஒருவர் மெல்லப் பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, பாட்டு படிக்கும் பிள்ளைகள் இங்கே வந்து கேட்க வேண்டும்.

என்னை முழுதாக ஆட்கொண்டது இரண்டாம் தகட்டில் இருக்கும் ‘மிதாரேகாமி’. ‘கலைந்த கூந்தல்’ என்று பொருள். 1987இல் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து மீண்டு வந்த ஹிபாரிக்காக ஹோஷினோ தெத்சுரோ எழுதி, ஃபுனாமுரா தோரு இசையமைத்த பாடல் இது. ஃபுகுஷிமா மாநிலத்தின் இவாகி நகரக் கடற்கரையில் கலங்கரை விளக்கம் நிற்கும் சியோயா முனைதான் களம். காற்றில் கலையும் கூந்தலைக் கையால் ஒதுக்கும் ஒருத்தி, தன்னைக் கைவிட்டவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறாள். தன் ஒருதலை ஏக்கத்தை மீன்பிடி படகில் ஏற்றி அனுப்பிவிட முடியாதா என்று கேட்கிறாள். மூன்றாம் சரணத்தில், வசந்தத்தில் இரண்டு சுற்று சுற்றிய இடைக்கச்சை, இலையுதிர் காலத்தில் மூன்று சுற்று சுற்றியும் தளர்கிறது என்கிறாள். கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தபோது நான் தகட்டை நிறுத்திவிட்டேன். தலைவன் பிரிய, தலைவி மெலிய, வளை நெகிழ்ந்து கழன்று விழும் என்று நம் புலவர்கள் பாடினார்களே, அதே உடல், அதே கணக்கு. கடலும் இரங்கலும் சேர்ந்தால் நெய்தல் என்று சொல்ல, சங்கம் இருந்த ஊரில் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

இப்பாடலில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடங்களில் ஹிபாரி மார்புக் குரலை விட்டுப் பொய்க்குரலுக்கு நழுவுகிறார். மாறும் இடத்தில் இணைப்பு தெரிவதே இல்லை. நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த ஒருவர், வலிமையைக் காட்ட முற்படாமல், அந்த உச்சத்தை மெலிதாக்கித் தருகிறார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தோக்கியோ டோம் அரங்கின் பெருங்கூட்டத்துக்கு முன் நின்று பாடியதும் இதே குரல்தான்.

தொகுப்பில் குறை இல்லாமல் இல்லை. பாடல்கள் கால வரிசையில் இல்லாததால், இருபதுகளின் குரல் நாற்பதுகளின் அடர்ந்த குரலாக மாறுவதை நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளில் எதிரொலி தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. பாடல் வரிகளுள்ள கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்தில், அதுவும் மிகப் பொடியாக அச்சாகியிருக்கிறது. இறுதியில் பாட்டின்றி இசையை மட்டும் தரும் மூன்று தடங்களுக்குப் பதில் இன்னும் இரண்டு பாடல்களைச் சேர்த்திருக்கலாம். இவ்வளவையும் மீறி, கொடுத்த விலைக்கு எனக்கு வருத்தமில்லை. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் பொய்க்குரலின் நுணுக்கம் போய்விடும், நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

அத்தை ‘மிதாரேகாமி’க்குத் தன் நோட்டில் சுரக்குறிப்பு எழுதத் தொடங்கினார். மூன்று சரணங்களும் எழுதியாகிவிட்டது, குரல் நழுவும் அந்த இடங்களில் மட்டும் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டு வைத்திருக்கிறார்.