ஹாஃப்கட் கடையில் கிடக்கும் எஞ்சின் டர்போவா, சாதாவா? எந்தச் சோதனையை நம்புவது

கோலாலம்பூர் வட்டாரத்தில் சுங்கை பூலோ, கெப்போங் பக்கம் ஹாஃப்கட் கடைகளில் (பாதியாக வெட்டிய பழைய கார்களையும் அவற்றின் எஞ்சின்களையும் விற்கும் இடங்கள்) மிட்சுபிஷியின் 4ஜி93 எஞ்சின் ஒன்றைக் காட்டி "இது டர்போ பிளாக், பாஸ்" என்று சொன்னால் (பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல், டர்போ இல்லாததைச் சாதா என்போம்), அதைச் சரிபார்க்க நம் ஆட்களிடம் நாலைந்து வழி இருக்கிறது. ஒரு ஃபோர்மன் நம்பரைப் பார் என்பார், இன்னொருவர் ஆயில் துளையைப் பார் என்பார், மூன்றாமவர் பிஸ்டனைப் பார்த்தால் போதும் என்று முடித்துவிடுவார். எல்லாரும் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாம் சம பலம் கிடையாது. நான் தரம் பிரிக்கும் முறை எளிது: ஸ்பேனர் வைத்துக் கழற்றி மாட்டக்கூடியது எதுவோ அது பலவீனமான சாட்சி, எஞ்சினைப் பிரித்தால்தான் மாற்ற முடியும் என்பது பலமான சாட்சி.

இந்தக் கணக்கில் கடைசி இடம் பக்கத்தில் தொங்கும் டர்போவுக்குத்தான். புரோட்டான் வீரா வைத்திருப்பவர்கள் தேடி அலையும் ஜிஎஸ்ஆர் எஞ்சின் என்பது லான்சர் ஜிஎஸ்ஆரில் வந்த 4ஜி93 டர்போ, 195 குதிரைத்திறன், கம்ப்ரஷன் விகிதம் 8.5:1 (பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு). அதே 4ஜி93 டர்போ இல்லாமல் நம்ம ஊர் புரோட்டான் சத்ரியா ஜிடிஐயிலும் புத்ராவிலும் வந்தது. ஒரே குடும்பம் என்பதால் பல பாகங்கள் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் பொருந்தும், விலையோ ஒன்றல்ல. ஆகவே மேனிஃபோல்டும் (புகை வெளியேறும் குழாய்க் கிளை) டர்போவும் மாட்டியிருக்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பது என்ன என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்து எஞ்சின் நம்பர். இதைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள், எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 4ஜி63 (மிட்சுபிஷியின் இன்னொரு எஞ்சின்) என்று பொறித்த டர்போவும் உண்டு, டர்போ இல்லாததும் உண்டு. நிசானின் எஸ்ஆர்20, டொயோட்டாவின் 2ஜேஇசட் இரண்டிலும் பிளாக்கில் குடும்பப் பெயரும் வரிசை எண்ணும்தான் இருக்கும், டர்போவைக் காட்டும் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் இருக்காது. நம்பரை வைத்து இது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். இதைவிட மேலான காகிதமில்லாச் சான்று ஒன்று உண்டு: எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆணியடித்த தகடு. பாடியோடு சேர்ந்த ஹாஃப்கட் என்றால் அதில் மாடல் குறியீடு இருக்கும், சிடி5ஏ என்று போட்டிருந்தால் அது ஜிஎஸ்ஆர் பாடி. ஆனால் பாடியை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சினை மட்டும் பலகை மேல் வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

சரி, துளைகளுக்கு வருவோம். டர்போவின் பேரிங்குக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போக வேண்டும், அது மெல்லிய குழாய். திரும்பி வரும்போது அழுத்தம் இருக்காது, நுரைத்துப்போய்த் தன் எடையாலேயே கீழே வடிகிறது, அதனால் திரும்பும் வழி தடிமனாக, சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். இந்தத் தடித்த துளையைத் தேடுவது நல்ல யோசனைதான். ஆனால் எங்கே தேடுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். 4ஜி63 டர்போவில் அது பிளாக்கில் இல்லை, சம்ப்பில் இருக்கிறது, சம்ப்போ கழற்றி மாட்டும் பொருள்! வேறு எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டிலேயே வரும், அங்கேதான் இந்தச் சோதனைக்கு மதிப்பு கூடுகிறது. அப்போதும் வெறும் மேடு இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்: இரண்டு வகைக்கும் ஒரே அச்சில் வார்த்துவிட்டு, சாதா எஞ்சினில் துளை போடாமல் விடுவதும் போல்ட்டால் அடைத்துவிடுவதும் தொழிற்சாலைகளில் சகஜம். இதற்கு நேர் எதிர் வேலையும் நடக்கிறது. சாதா எஞ்சினுக்குப் பின்னால் டர்போ போட்டவர்கள் சம்ப்பில் ஓட்டை போட்டு நட்டைப் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைத்த தழும்பு, பெயிண்ட் கருகிய வளையம், அளவுக்கு மீறிப் பூசிய சீலண்ட், இதெல்லாம் கண்ணில் பட்டால் விற்பவர் என்ன சொன்னாலும் அதைப் பிறவி டர்போ என்று நம்பிவிடாதீர்கள்.

பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்ப்பது இப்போது மலிவாகிவிட்டது, கைப்பேசியில் சொருகினால் போதும். டர்போ பிஸ்டனின் தலை பெரும்பாலும் நடுவில் குழிந்திருக்கும், கம்ப்ரஷனைக் குறைக்க அதுதான் நேர்வழி. ஆனால் 4ஜி93 குடும்பத்தில் இந்த வழி ஒரு இடத்தில் கவிழ்ந்துவிடும். அதே பெயரில் ஜிடிஐ வகை ஒன்று வந்தது (சத்ரியா ஜிடிஐ வேறு, இது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் மிட்சுபிஷி ஏற்பாடு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). அதன் பிஸ்டனிலும் ஆழமான குழி உண்டு, கம்ப்ரஷனோ 12:1. கேமராவில் குழியைப் பார்த்து "டர்போதான்" என்று குதிப்பவர் உண்மையில் அதற்கு நேர் மாறான எஞ்சினை வாங்கிக்கொண்டு போவார். ஜிடிஐ குழி ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும் என்றாலும், கரி படிந்த பிஸ்டனை மங்கலான படத்தில் பார்த்து அதைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது இதைவிட அழுக்கான வழி: ஊசிக்குழலால் அளப்பது. மருந்துக் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று, கொஞ்சம் கியர் எண்ணெய் (ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அந்த மெல்லிய சிவப்பு எண்ணெய்), கிராங்க்கைச் சுற்ற ஒரு சாக்கெட், அவ்வளவுதான். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்க வால்வுகளும் மூடியிருப்பதை உறுதிசெய்து, பிளக் துளை நேராக மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, மரையின் அடி விளிம்பு வரை எண்ணெய் விட்டு எத்தனை சிசி பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4ஜி93 மொத்தம் 1834 சிசி, ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 458. கம்ப்ரஷன் 8.5:1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 458ஐ 7.5ஆல் (8.5இல் ஒன்று குறைத்து) வகுத்தது, அதாவது சுமார் 61 சிசி. சாதா எஞ்சினுக்கு 10:1 என்று வைத்தால் 51. ஜிடிஐயின் 12:1 என்றால் 42கூட வராது. பத்து சிசி வித்தியாசம் சிரிஞ்சில் தெளிவாகத் தெரியும், கேமராவை ஏமாற்றிய ஜிடிஐ இங்கே சரியாக மாட்டிக்கொள்ளும். கம்ப்ரஷனைக் குறைக்க யாராவது தடித்த கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்டிருந்தால்? 81 மில்லிமீட்டர் சிலிண்டரில் 1 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் 5 சிசிதான் தரும், சாதா எஞ்சின் அப்போதும் 61ஐ எட்டாது.

குறைகளும் உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் அதன் வழியே எண்ணெய் கசியும், அதனால் சட்டென்று அளந்து, இரண்டு சிலிண்டராவது பார்க்க வேண்டும், கரி படிந்திருந்தால் அளவு கொஞ்சம் குறையும். அப்புறம் அளந்த எண்ணெயை உறிஞ்சி எடுக்காமல் யாரும் ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றிவிடக் கூடாது, எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

கம்ப்ரஷன் கேஜ் (எஞ்சினைச் சுற்றும்போது சிலிண்டரில் எழும் அழுத்தத்தைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். தரையில் கிடக்கும் எஞ்சினில் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தேட வேண்டும், வரும் எண்ணும் ரிங் தேய்மானத்தோடு சேர்ந்து குழம்பும். தேய்ந்த சாதா எஞ்சினும் நல்ல டர்போ எஞ்சினும் ஒரே எண்ணைக் காட்டலாம். எஞ்சின் ஆரோக்கியத்தைப் பார்க்க நல்ல கருவி, இனம் காண அல்ல.

சம்ப்பைக் கழற்ற விட்டால் இன்னொரு நல்ல சாட்சி கிடைக்கும். 4ஜி63 டர்போவில் ஒவ்வொரு பிஸ்டனின் அடியிலும் எண்ணெய் பீய்ச்சிக் குளிரவைக்கும் சிறு ஜெட்டுகள் பிளாக்கிலேயே இருக்கும். நம்ம புரோட்டான் பெர்டானா 2.0இல் வந்தது அதே 4ஜி63தான், ஆனால் ஒற்றைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு ஒன்றுதான்), டர்போ இல்லாதது. அதை மேலிருந்து பார்த்தே ஒதுக்கிவிடலாம். ஜெட் இருந்தால் எல்லா எஞ்சினும் டர்போ என்று மட்டும் பொதுவாக்கிவிடாதீர்கள், ஹோண்டாவின் பி16 டர்போ இல்லாமலேயே ஜெட் வைத்திருக்கிறது. குடும்பத்துக்குள் ஒப்பிடத்தான் இது உதவும்.

பெரோடுவா மைவிக்கு எஞ்சின் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மைவி 1.3இன் கே3 எஞ்சினுக்கு டர்போ அண்ணன் வந்தது டைஹாட்சு ஒய்ஆர்வி டர்போவில், 140 குதிரைத்திறன், அங்கேயும் 8.5:1. 1298 சிசி என்பதால் இங்கே மிஞ்சும் இடம் சுமார் 43 சிசி, 10:1 என்றால் 36. வித்தியாசம் ஏழுதான், ஆகவே சிரிஞ்சில் அளவுக் கோடுகள் நெருக்கமாக இருக்கட்டும், பிளக் துளை சாய்ந்திருந்து காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் தீர்ப்பே மாறிவிடும்.

ரோடு டேக்ஸ் நம்ம ஊரில் சிசி கணக்கில்தான் போகிறது, 1834 சிசி டர்போவுக்கும் சாதாவுக்கும் ஒரே தொகை, ஆகவே பழைய ரோடு டேக்ஸைக் காட்டி டர்போ என்று நிரூபிக்க யாராலும் முடியாது. பாடியோடு இருக்கும் ஹாஃப்கட் என்றால் நான் தகடு பார்த்து, அப்புறம் சிரிஞ்சு. தனி எஞ்சின் என்றால் நேராக சிரிஞ்சு, தவுக்கே (கடை முதலாளி) ஒத்துக்கொண்டால் சம்ப்பையும் கழற்றிப் பார்ப்பேன். பிளக்கைக்கூடக் கழற்ற விடமாட்டேன் என்று நிற்கிறவரிடம் சாதா எஞ்சின் விலைக்கு மேல் ஒரு வெள்ளி பேச மாட்டேன்.