ரோரி கல்லகரோட 'ஐரிஷ் டூர் 74' - கிட்டார் பழகுற நம்ம பொடியனுங்க கட்டாயம் கேக்கணும்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் கிட்டார் வாசிக்கிற பொடியனுங்ககிட்ட ப்ளூஸ் ராக் பத்தி பேசுனா ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன்னு ரெண்டு பேரோட முடிஞ்சிருது, அயர்லாந்துக்காரர் ரோரி கல்லகர் பேரு வர்றதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். மேடையில வாசிச்சத அப்பிடியே பதிஞ்ச லைவ் அல்பம்னா எனக்கு மொதல்ல அவரோட 'ஐரிஷ் டூர் 74'தான்.

1974 ஜனவரியில பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூணு ஊர்ல வாசிச்சத பதிஞ்சு அதே வருஷம் டபுள் எல்பியா, அதாவது ரெண்டு இசைத்தட்டா வந்திச்சு. பெல்ஃபாஸ்ட் அப்ப வட அயர்லாந்து சண்டையில குண்டும் ஆமியுமா கெடந்த ஊரு, நெறைய பேண்டுங்க அந்தப் பக்கம் போகவே பயந்தாங்க, இவரு விடாம போய் வாசிச்சாரு. அப்பிடி ஒரு காலத்துல ஊருக்கு ஒருத்தர் பாட வர்றது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம நாட்டு ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. இவரோட பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிற ஜெரி மெக்கவோய் பெல்ஃபாஸ்ட்லயே பொறந்தவரு.

'எ மில்லியன் மைல்ஸ் அவே' மட்டும் 9 நிமிஷத்துக்கு மேல போகுது. ஸ்டூடியோல பண்ணுனது 1973ல வந்த 'டாட்டூ' அல்பத்துல இருக்கு, ஆனா இங்க நடுவுல சத்தத்த அப்பிடியே எறக்கி கம்பிய தொட்டும் தொடாம வாசிச்சிட்டு திரும்ப ஏத்துறாரு பாருங்க, நம்ம காமன் கூத்துல தப்பு அடிக்கிறவங்க கூட்டத்தப் பாத்து அடிய கொறச்சு பொறகு ஏத்துவாங்களே அதே கணக்கு. லூ மார்ட்டினோட கீபோர்ட் அந்த எடத்துல பின்னால நின்னு தாங்குது, முன்னுக்கு வந்து தலையக் காட்டல. 'வோக் ஆன் ஹொட் கோல்ஸ்' 11 நிமிஷம் தாண்டும், ஆனாலும் அலுக்காது. 'ஏஸ் த க்ரோ ஃப்ளைஸ்'ல பேண்டே இல்ல, ஸ்டீல் உடம்பு கிட்டாரும் மவுத் ஆர்கனும் வச்சு தனியாளா வாசிக்கிறாரு, மொத்த ஹோலும் அவர் கையில.

கிட்டார் சத்தத்த மாத்துற பெடல் வாங்க காசில்லன்னு சொல்ற தம்பிமாருக்கு ஒண்ணு சொல்றேன், 1963ல கார்க்ல ஒரு கடையில தவணை முறையில எடுத்த 61ம் வருஷ ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணத்தான் இவர் 1995ல சாகுற வரைக்கும் வச்சிருந்தாரு, பெயின்ட் எல்லாம் உரிஞ்சு மரம் தெரியும். அந்த சத்தம் முழுக்க வெரல்லதான் இருக்கு.

கொறைன்னு பாத்தா எல்பியோட கடைசிப் பக்கத்துல வர்ற ஜாம், அதாவது சும்மா சேந்து வாசிக்கிறது, கூட்டம் இல்லாம வாசிச்சது, அதுவரைக்கும் இருந்த சூடு அங்க கொஞ்சம் எறங்கிருது. எனக்கு அது இல்லாட்டியும் பரவால்ல.

2014ல 7 சிடியோட பெரிய பாக்ஸ் செட்டும் வந்திச்சு, மூணு ஊர் ஷோவும் அதுல தனித்தனியா இருக்கு, ஆனா மொதல்ல பழைய அல்பத்தயே கேளுங்க. தோட்டத்துல சிக்னல் விட்டு விட்டு வர்ற எடத்துல துண்டு துண்டா கேக்காம டவுனுக்குப் போறப்ப முழுசா டவுன்லோட் பண்ணி ஹெட்ஃபோன்ல போடுங்க, போன் ஸ்பீக்கர்ல மெக்கவோயோட பேஸ் சுத்தமா வராது.