ஆறு பாட்டில் க்ருவோ லாரோஸ் 1996

ஆறு வாங்கினேன். ஒன்று கெட்டே வந்தது, மூன்றைக் குடித்தாயிற்று, இரண்டு மிச்சம். 2014ல் தொடங்கிய கணக்கு.

1996ல்தான் நான் புதுச்சேரியிலிருந்து இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்து, தலைநகர் சேன் தெனியில் வாத்தியார் வேலையில் சேர்ந்தேன். அந்த வருஷத்து ஒயினாக ஒன்று வேண்டும் என்று தேடியதில் அகப்பட்டது ஷாதோ க்ருவோ லாரோஸ். பிரான்சில் போர்தோ வட்டாரத்து மெதோக் பகுதியில் இருக்கிற சேன் ழூலியேன் ஊர்த் திராட்சைத் தோட்டம். 1725ல் உண்டானது. 1855ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது இரண்டாம் வரிசையில் இடம் பிடித்தது. அப்புறம் வாரிசுகளுக்குள் இரண்டாகப் பிரிந்து, கோர்தியே குடும்பம் வாங்கி 1935ல் மறுபடி ஒன்றாக்கியது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைக் கதைதான், முடிவு மட்டும் தலைகீழ். 1997ல் மெர்லோ குடும்பத்தின் கைக்கு வந்தது. மெர்லோ திராட்சைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒயினில் பெரும்பங்கு கபெர்னே சோவிஞ்ஞோன் திராட்சை. லேபிளில் 'ஒயின்களின் அரசன், அரசர்களின் ஒயின்' என்று போட்டிருக்கும். பந்தாவுக்குக் குறைச்சல் இல்லை.

விற்றவர் பிரான்சிலிருந்து கப்பலில் அனுப்பினார், அதுவும் ஜனவரியில். இங்கே ஜனவரி என்றால் கொதிக்கிற கோடை. துறைமுகத்தில் பெட்டி எத்தனை நாள் காய்ந்ததோ, ஒரு பாட்டிலின் கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒழுகியிருந்தது. ஒயின் மட்டம் தோள்வரை இறங்கிவிட்டது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளினால் இப்படித்தான் ஆகும். அன்றே திறந்தேன்: அடிப்பிடித்த ஜாம் வாசனை. "பழைய கார்க் அப்படித்தான் இருக்கும்" என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். வெளியிலிருந்து வரும் சரக்குக்கு இங்கே போடுகிற ஒக்துருவா தெ மேர் வரியை மட்டும் ஆறு பாட்டிலுக்கும் கட்டினேன். பழைய ஒயினை வரவழைப்பதானால் ஜூலை, ஆகஸ்டில் வரவழையுங்கள்.

இரண்டாவதை 2018ல், ஓய்வு பெற்ற அன்று திறந்தேன். தப்பு என்னுடையது. வீட்டில் கப்ரி மசாலே சமைத்திருந்தார்கள். ஆட்டுக்கறியும் மசாலாவும் மிளகாயும் சேர்ந்தால் எந்தப் பழைய போர்தோவும் நிற்காது. நாக்கில் துவர்ப்பு மட்டுமே மிஞ்சியது. "இதற்கா இவ்வளவு காசு?" என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை. மூன்றாவது 2021ல். மனைவி தீமிதி விரதத்தில் இருந்ததால் பதினெட்டு நாள் அதைத் தொடவில்லை. விரதம் முடிந்து திறந்தபோது கார்க் பாதியில் உடைந்து, மிச்சம் தூளாகி உள்ளே விழுந்தது. மெல்லிய துணியில் வடிகட்டிக் குடித்தோம். பரவாயில்லை. அதற்கப்புறம்தான் திருகு இல்லாத, இரண்டு தகடு வைத்த கார்க் எடுப்பான் வாங்கினேன். கார்க்கின் இரண்டு பக்கமும் தகட்டை இறக்கி, முறுக்கியபடியே மேலே இழுக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல். வீட்டில் ஐந்து நாள் கரண்ட் இல்லை. 13 டிகிரியில் வைத்திருந்த ஒயின் அலமாரி வெறும் மரப்பெட்டி ஆகிவிட்டது. மிச்சம் மூன்றையும் ஈரத்துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன். துண்டு காயக் காய இரவில் எழுந்து நனைத்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இத்தனை தடவை எழுந்ததில்லை என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பாதை திறந்ததும் மூன்றையும் பிளேன் தே காஃப்ரில் இருக்கிற மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரம். கோடையிலும் போர்வை வேண்டும். கரண்ட் செலவில்லாத ஒயின் அலமாரி.

நான்காவதை அங்கேதான் திறந்தோம். இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றினேன். நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் ஈர மண் வாசனை. கால் மணி நேரம் கழித்துச் சுருட்டுப் பெட்டி, தோல், காய்ந்த திராட்சை. துவர்ப்பு நாக்கைப் பிடிக்கவில்லை, பட்டாகப் படிந்து இறங்கியது. உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட கோழி, இங்கத்து மலையூர் சிலாவோஸில் விளைகிற பருப்பு, வேறொன்றும் இல்லை. மனைவி இரண்டாவது தடவை கோப்பையை நீட்டினாள். அன்றைக்கு எத்தனை நட்சத்திரம் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஒன்று. ஒரு மணி நேரத்துக்குமேல் அந்த வாசனை நிற்கவில்லை, புளிப்பு தலைதூக்கிவிட்டது. வாங்க நினைப்பவர்கள் ஆறெல்லாம் வாங்க வேண்டாம். கழுத்துவரை ஒயின் இருக்கிற பாட்டிலாகப் பார்த்து ஒன்று போதும். மேட்டில் சொந்தக்காரர் இருந்தால் இரண்டு.

என் இரண்டும் மச்சான் வீட்டுச் சரக்கு அறையில், பூண்டு மூட்டைக்குப் பின்னால் படுத்திருக்கின்றன. போன வாரம் போனில் சொன்னார்: "மாமா, இடத்துக்கு வாடகை ஒரு பாட்டில்."