சம்பள நாள் வரை ஒரு படுக்கை: கோலாலம்பூரின் வீடற்ற இளையோர் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் தங்க இடமின்றித் தவிக்கும் இளையோருக்கு மாநகராண்மைக் கழகமும் அரசு நல அமைப்புகளும் வழங்கும் சேவைகள் முதல் வாரத்தை நன்றாகவே சமாளிக்கின்றன; மூன்றாம் வாரத்தில்தான் கைநழுவ விடுகின்றன. செந்தூல் வட்டாரத்தில் தொண்டூழியம் செய்யும் ஒரு சிறு குழுவில் இருந்துகொண்டு, பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளை இத்தகைய இல்லங்களுக்கு அழைத்துச் சென்று வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஓர் உணவகத்தின் பரோட்டா எப்படி இருந்தது என்பதை நாம் பத்தி பத்தியாக எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை நம் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்றிருக்கும் ஏற்பாடுகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 2011-இல் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் முயற்சியால் ஜாலான் ஹங் லெக்கியுவில் அஞ்சோங் சிங்கா என்ற இல்லம் தொடங்கப்பட்டது. வீடற்றவர்களைத் தற்காலிகமாகத் தங்கவைத்து, வேலை தேடித் தந்து, சொந்தக் காலில் நிற்கவைப்பது அதன் நோக்கம். மூன்றே ஆண்டுகளில், 2014-இல், அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் யாரும் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அறிவித்தார். கெச்சாரா, பெர்திவி, டாப்பூர் ஜாலானான் போன்ற குழுக்கள் அங்கே நீண்ட காலமாக உணவளித்து வந்ததால் பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கசப்புக்குப் பிறகு, விரட்டுவதை விட இடம் கொடுப்பதே மேல் என்ற எண்ணம் மாநகராண்மைக் கழகத்துக்கு வந்ததாகவே தெரிகிறது. ஜாலான் பஹாங்கில் உள்ள இடைத்தங்கல் மையமும், மேடான் துவாங்குவில் உணவு வழங்க ஒதுக்கப்பட்ட இடமும் அந்த மாற்றத்தின் விளைவுகள். அஞ்சடியில், அதாவது கடை வரிசைகளின் முன்னுள்ள நடைபாதையில், குந்தியபடி பொட்டலத்தைப் பிரித்தவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைத்திருப்பதை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை.

நான் அடிக்கடி செல்லும் ஓர் இல்லத்தின் பெயரை இங்கே குறிப்பிடாமல் விடுகிறேன். குடும்பத்தில் அடி தாங்காமல் ஓடி வந்த பிள்ளைகள் அங்கே தங்குகிறார்கள். கட்டணம் கிடையாது. துவைத்த விரிப்பும் குளிக்கத் தண்ணீரும் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மாடிகள் இருக்கின்றன. சுங்கைப் பட்டாணிக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை அங்கே சேர்த்தபோது, மறுநாள் நேர்முகத் தேர்வுக்காக நாளிதழில் மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்தான். இரவுப் பணியில் இருந்த மலாய்க்காரக் காப்பாளர் எதுவும் கேட்காமல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து, கழுத்துப் பட்டையைத் தாமே தேய்த்துக் கொடுத்தார். பணியாளர்களின் பரிவைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் விதிகளில்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. ஓர் உணவகத்தில் மாலையிலிருந்து நள்ளிரவு வரை. இல்லத்தின் வெளிக்கதவோ இரவு பத்து மணிக்குப் பூட்டப்படுகிறது. முதலாளியிடமிருந்து கடிதம் கொண்டுவந்தால் தாமதமாக வரலாம் என்கிறார்கள், ஆனால் வாய்மொழியாக ஆள் சேர்க்கும் கடைக்காரர் எந்தக் கடிதமும் தருவதில்லை. இரவு முழுதும் பாதுகாவலர் வேலை பார்ப்பவனுக்கு இதற்கு நேர்மாறான துன்பம். அவன் உறங்க வேண்டிய பகல் நேரத்தில், துப்புரவுக்காகப் படுக்கையறையைப் பூட்டிவிடுகிறார்கள். இந்த நகரத்தில் கைத்தொழிலோ சான்றிதழோ இல்லாத ஓர் இளைஞனுக்கு எளிதாகக் கிடைக்கும் வேலைகள் உணவகம், எண்ணெய் நிலையம், பாதுகாவல் ஆகியவைதாம். மூன்றுமே நேரங்கெட்ட நேரத்தில் நடப்பவை. முதியவர்களை மனத்தில் வைத்து வகுத்த கால அட்டவணை, வேலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளையைத் தண்டிக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் தங்கும் கால வரம்பு. அஞ்சோங் சிங்கா தொடங்கப்பட்டபோது ஒருவர் இரண்டு வாரம் தங்கலாம் என்று வைத்தார்கள். இத்தகைய இல்லங்கள் பலவற்றின் சிந்தனை இன்றும் அந்தக் கணக்கை ஒட்டியே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் ஒரு மாதத்தை மிஞ்சக் கூடாது. அந்தக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். முதல் தேதி வேலையில் சேரும் ஒருவன், முதலாளி சட்டத்தை ஒரு நாள்கூட மீறாமலே, அடுத்த மாதம் ஏழாம் தேதி வரை கையில் காசில்லாமல் இருக்கலாம். முப்பத்தேழு நாள் காத்திருக்க வேண்டியவனுக்குப் பதினான்கு நாள் படுக்கை. "அக்கா, சம்பளம் வர்ற வரைக்கும் எங்க படுக்கிறது?" என்று அந்தப் பையன் என்னைக் கேட்டபோது, எங்கள் குழுவில் யாரிடமும் விடை இல்லை. பலரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். முதலாளியிடம் முன்பணம் வாங்கினான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் சொன்னாலும், முன்பணக் கழிவு போக, மாத முடிவில் ஓர் அறைக்கு வாடகையும் வைப்புத்தொகையும் சேர்த்துக் கட்ட அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. வேலை கிடைத்த பிறகும் பிள்ளைகள் தெருவுக்குத் திரும்புவதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வயதும் ஒரு விரிசலாக நிற்கிறது. 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் குழந்தை; சமூக நல இலாகாவுக்கு அவரைக் காக்கும் கடமை உண்டு. பதினெட்டாவது பிறந்தநாள் வந்ததும் அந்தக் குடை மூடிக்கொள்கிறது. அதன் பிறகு அவர் மீது பாயக்கூடியது 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் வேலையின்றி, வாழ வழியோ வசிப்பிடமோ இல்லாமல் காணப்படுபவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தவும், நீதிபதி ஆணையிட்டால் நல்வாழ்வு இல்லத்தில் மூன்று ஆண்டுகள் வரை வைக்கவும் அது இடம் தருகிறது. மெர்சிங்கில் உள்ள டேசா பினா டிரி அத்தகைய இல்லங்களில் ஒன்று. இருபது வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் உதவியாகத் தோன்றாது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தையே கொடுக்கும். சீருடை அணிந்தவர்களைக் கண்டதும் சந்துக்குள் மறையும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நல்லெண்ணத்தோடு தேடிவரும் மாநகராண்மைக் கழக ஊழியரிடமிருந்தும் அவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

நம் சமூகத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது பத்திரப் பிரச்சினை. பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாமல் போயிருக்கும், பிறப்புப் பத்திரம் தாமதமாக எடுக்கப்பட்டிருக்கும், அல்லது பன்னிரண்டு வயதில் வாங்கிய அடையாள அட்டையைப் பதினெட்டு வயதில் மாற்றாமலே விட்டிருப்பார்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் முறையான வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சேமநிதிச் சந்தா இல்லை. இல்லத்தில் ஒரு படுக்கை தருவதோடு, பதிவிலாகாவுக்குக் கூடவே நடக்கும் ஓர் ஊழியரையும் தந்தால் பாதிப் பிள்ளைகள் தாமாகவே நிமிர்ந்துவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அஞ்சடியில் படுத்திருப்பவர்களை இரவில் எண்ணுவதால் இளையோரின் உண்மை நிலை தெரியவராது. அவர்கள் நண்பன் வீட்டுக் கூடத்தில் சில நாள், இருபத்து நான்கு மணி நேர உணவகத்தில் ஒரு குவளை தேநீரோடு சில இரவு, இணைய விளையாட்டுக் கடையில் சில இரவு என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் தெருவில் தென்படுவதே அரிது. நம்பத் தகாதவரின் வீட்டில் தங்கிவிடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். இந்தக் கதைகள் பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டில்தான் தொடங்குகின்றன. மாதம் 124 ரிங்கிட் வாடகைக்குக் கிடைக்கும் பிபிஆர் எனப்படும் அரசு அடுக்குமாடி வீடு ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய வரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று அறைகளுக்குள் பாட்டி, பெற்றோர், மணமான அண்ணன், அவருடைய கைக்குழந்தை என்று நிறையும்போது, வளர்ந்த பையன் முதலில் கூடத்துக்கும் பிறகு நடைபாதைக்கும் தள்ளப்படுகிறான். அவன் தனியாக விண்ணப்பித்தாலும், குடும்பங்களுக்கு முன்னுரிமை தரும் ஒதுக்கீட்டில் திருமணமாகாத இளைஞனுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

எனவே குடியிருப்பு வட்டார மேம்பாட்டையும் வீடற்றோர் சேவையையும் இரண்டு தனிக் கோப்புகளாக வைத்திருப்பது சரியாகாது. நகரத்தில் பின் சந்துகளுக்கு வண்ணம் பூசி, விளக்கு போட்டு, சுவர் ஓவியம் தீட்டுகிறார்கள். அவை அழகாகவே இருக்கின்றன, இரவில் நடக்கவும் அச்சம் குறைந்திருக்கிறது. எங்கள் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் புட்சால் திடலுக்குப் புதிதாக வலை கட்டிவிட்டு, மாலையில் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். பிள்ளைகள் மின்தூக்கி அருகே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திடல் திறந்திருந்து, வாரத்தில் சில மாலைகளில் ஓர் இளைஞர் நலப் பணியாளர் அங்கே வந்து உட்கார்ந்தால், வீட்டை விட்டு வெளியேறும் நிலைக்கு வந்துவிட்ட பையனை அஞ்சடிக்கு வருமுன்பே கண்டுகொள்ளலாம். 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் அமைப்பு இன்றும் பல குடியிருப்புகளில் உயிரோடு இருக்கிறது. எந்த வீட்டில் யார் சண்டை போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறார் என்பது அதன் உறுப்பினர்களுக்கு மற்ற எவரையும் விட முன்னதாகத் தெரியும். அவர்களை இந்தப் பணியில் சேர்த்துக்கொள்ளப் பெரும் செலவும் ஆகாது.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் ஒரு கேள்வி. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு முற்றாகவே போய்விட்டன. கோலாலம்பூரின் மேயரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். வாக்குக் கேட்டு வரும் நகர் மன்ற உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால், அந்தத் திடலின் சாவியை அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்டிருப்போம்.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தெருவில் இருந்தவர்களைச் சமூக மண்டபங்களில் தங்கவைத்தார்கள். மனம் இருந்தால் இடமும் உணவும் மருத்துவப் பரிசோதனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கச் செய்ய முடியும் என்பதை மாநகராண்மைக் கழகம் அப்போதே காட்டிவிட்டது. அதே திறமையை இளையோருக்கான தனித் தங்குமிடத்திலும் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்: முதல் சம்பளம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகும் வரை தங்க அனுமதி, இரவுப் பணிக்காரருக்குத் தனி அறை, பத்திரங்களுக்கு ஓர் ஊழியர்.

இப்போதைய நிலையில் இந்தச் சேவைகளை நாடலாமா என்று கேட்டால், தயங்காமல் நாடுங்கள் என்றே சொல்வேன்; தெருவில் கழியும் ஓர் இரவை விட அவை எவ்வளவோ மேல். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். பசியோடு இருப்பவருக்கு, சௌகிட் ஜாலான் ராஜா ஆலாங் குருத்வாராவில் இனம் பார்க்காமல் உணவு கிடைக்கும். உறங்கும்போது பை திருடுபோயிருந்தால் முதலில் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். அடையாள அட்டையைத் தொலைத்தவர் முதல் முறைக்கு 100 ரிங்கிட் தண்டம் கட்ட வேண்டியிருக்கும், திருட்டுக்குப் புகார் இருந்தால் அது தள்ளுபடியாகும். பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கைப்பேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வேலை இரவு நேரத்தில் என்றால், இல்லத்தில் பெயர் பதியும்போதே அதைச் சொல்லி, கதவு நேரத்துக்கான அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.